குறும்படத்துக்கு ரீஷூட் போகிறீர்களா? நினைவை நம்பிப் போகாதீர்கள்

எடிட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு சீன் ஒட்டவில்லை என்பது தெரியவரும். உடனே "முழுசா திரும்ப எடுத்துடலாம்" என்று கிளம்பிவிடுகிறோம், முதல் தவறே அங்கேதான். குறைவது பெரும்பாலும் ஒரு ரியாக்‌ஷன், ஒரு கை க்ளோஸப், ஆள் உள்ளே வருகிற ஒரு ஷாட், அவ்வளவுதான். டைம்லைனில் அந்த இடத்தில் வெறும் கறுப்பை வைத்து ஓட்டிப் பாருங்கள், எத்தனை விநாடி வேண்டும் என்று தெரிந்துவிடும். அதை மட்டும் பேட்ச் வொர்க்காக எடுத்தால் போதும்.

அடுத்தது, நினைவை நம்பிப் போவது. எந்தச் சட்டை என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மேல் பட்டன் போட்டிருந்ததா, வாட்ச் எந்தக் கையில், கிளாஸில் டீ எவ்வளவு இருந்தது என்பது யாருக்கும் இருக்காது. முந்தைய ஷாட்டின் கடைசி ஃப்ரேம், பிந்தைய ஷாட்டின் முதல் ஃப்ரேம், இரண்டையும் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த லென்ஸ், கேமரா எவ்வளவு உயரம், ஒயிட் பேலன்ஸ் (கேமராவின் நிற அமைப்பு) என்ன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். படம் லாக் ஆகும்வரை, அதாவது இனி எடிட்டில் மாற்றமில்லை என்று முடிவாகும்வரை, காஸ்ட்யூமை யார் வீட்டுக்கும் கொடுத்தனுப்ப வேண்டாம், நாலு முறை துவைத்தாலே கலர் இறங்கிவிடும்.

வெயில் விஷயத்தில்தான் நாங்கள் நன்றாக மாட்டிக்கொண்டோம். சென்னையில் ஒரு மொட்டை மாடி சீன், டிசம்பர் மதியம் எடுத்தது. விட்டுப்போன க்ளோஸப்பை ஏப்ரல் கடைசியில், அதே மாடியில், அதே மதியம் எடுத்தோம். நேரம் ஒன்றுதானே என்று நினைத்தோம். ஆனால் டிசம்பர் மதியத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், ஐந்தரை அடி ஆளுக்கு வடக்குப் பக்கமாக 4 அடி நிழல் விழும். ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. நடிகரின் கண் இரண்டும் இருட்டுக்குழி, மூக்கு நிழல் உதட்டின் மேல். அந்த ஷாட் எதற்கும் உதவவில்லை.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போனோம். அந்த நேரத்தில் வெயிலின் சாய்வு கிட்டத்தட்ட டிசம்பர் மதியத்தினுடையதுதான், ஆனால் வெளிச்சம் கிழக்கிலிருந்து வருகிறது. அதனால் ஆளையும் கேமராவையும் சேர்த்தே திருப்பினோம். பின்னால் வானம் மட்டும்தான் என்பதால் திசை மாறியது தெரியவே இல்லை. சுற்றியுள்ள இடமும் தெரிகிற வைட் ஷாட்டுக்கு இந்த வழி உதவாது, அதற்கு வெயில் இல்லாத நேரத்தையோ வேறு கோணத்தையோதான் யோசிக்க வேண்டும்.

வீட்டுக்குள் எடுக்கும்போது வேறொரு தொல்லை. பழைய ஷாட் விநாடிக்கு 25 ஃப்ரேமில் இருக்க, அவசரத்துக்குப் போனை எடுத்து 30-இல் எடுத்தால் அசைவும் ஒட்டாது, டியூப் லைட்டும் துடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட்டும் அதற்கேற்பத்தான் துடிக்கும், அதனால் ஷட்டரை 1/50 விநாடியில் வையுங்கள்.

நடிகர் முடி வெட்டிவிட்டாரா? அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது. கையையும் எதிரில் இருப்பவரின் முகத்தையும் எடுத்து, இவர் வசனத்தை அதன்மேல் ஓடவிடலாம்.

அப்புறம், கிளம்புவதற்கு முன் எல்லோரையும் அமைதியாக நிற்கவைத்து ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கிற சத்தம், பதிவு செய்யுங்கள். போன தடவை ஃபேன் ஓடியிருந்தால், ஓடவிட்டும் ஒன்று, நிறுத்தியும் ஒன்று.