காலி கேஸ் உள்ளேயே நின்றுவிட்டால்

மேலூர் பக்கம் ஒரு துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பிள்ளைகளுக்கு .22 பிஸ்டல் சொல்லிக் கொடுக்கிறேன். சித்திரை வெயிலும் புழுதியும் சேர்ந்தால் தினமும் ஒரு குரல் வரும்: "அண்ணே, கேஸ் வெளிய வரல." சுட்ட பிறகு மிஞ்சும் தோட்டாவின் வெற்றுக் கூடுதான் கேஸ்.

முதலில் முனை இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரல் டிரிகரில் வேண்டாம். தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, பிஸ்டலின் மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டுங்கள். உள்ளே இருப்பது காலி கேஸ்தானா என்று சந்தேகம் வந்தால் தொடாமல் ரேஞ்ச் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

எடுத்த கேஸைத் தூக்கி எறியாதீர்கள். அதன் விளிம்புதான் நமக்குச் சாட்சி. விளிம்பு பிய்ந்திருந்தால், கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி தன் வேலையைச் செய்து இழுத்திருக்கிறது, கேஸ்தான் தோட்டா உட்காரும் குழியான சேம்பரில் அழுக்கால் ஒட்டிக்கொண்டது. கீறலே இல்லையென்றால் கொக்கி சரியாகப் பிடிக்கவில்லை.

.22 ஈயக் குண்டின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள். அது கரியோடு சேர்ந்து இறுகிவிடும். சேம்பருக்குப் பித்தளை பிரஷ் போதும். பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைத்து உலர விடுங்கள். அங்கே எண்ணெய் விடவே கூடாது, புழுதியை இழுக்கும்.

கொக்கியின் அடியைப் பல்குச்சியால் சுரண்டுங்கள். போன மாதம் ஒரு பெண் ஸ்பிரிங் போய்விட்டது என்று கலங்கி நின்றாள். கடுகளவு கருப்பு மெழுகு வந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு ஐம்பது ரவுண்டும் தடங்கலில்லை.

சுத்தம் செய்தும் நின்றால் வேறு வகைத் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் கொக்கி தேய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அரம் போடாதீர்கள், உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.