கொடுத்தும் விடாத கை: காணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகள் காணிக்கைக் கவரோடு வந்து நிற்பதைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. சேகரக் கமிட்டியில், அதாவது சபைகளின் நிர்வாகக் குழுவில், நெடுங்காலம் கணக்கு எழுதியவன் என்பதால், அந்தக் கவர் பிற்பாடு எப்படியெல்லாம் திசைமாறும் என்பதும் தெரிகிறது. எங்கள் தலைமுறை செய்த கோளாறுகளையே இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். பொருளாசையிலிருந்து விடுபடத்தான் கொடுக்கத் தொடங்குகிறோம். கொடுக்கிற விதத்தில் அசந்தால் அதே ஆசை கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ரசீது கேளுங்கள், போலி ஊழியங்களிடம் ஏமாறாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மீந்ததைக் கொடுப்பது

மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சாது. வாரத்தின் முதல் நாளிலேயே வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கச் சொன்னார் பவுல் (1 கொரிந்தியர் 16:2). நம் பாட்டிமாரின் கைப்பிடி அரிசியும் இதே முறைதான். உலையில் போடுவதற்கு முன்பே ஒரு பிடி தனிக் கலயத்துக்குப் போய்விடும். நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் திருமண்டலத்திலும் ஏழைப் பெண்கள் இப்படித்தான் அரிசி எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுத்தார்கள். கையில் கொஞ்சம் சேரட்டும், பிறகு கொடுக்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்ளலாம்.

கொடுத்த பிறகும் சொந்தம் கொண்டாடுவது

இதைப் பற்றி நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. சபைகளுக்கு இதனால் ஆன செலவும் கொஞ்சநஞ்சம் அல்ல.

ஊரைச் சொல்லவில்லை. இரு பக்கமும் ஆள் உயர ஜன்னல்கள் உள்ள பழைய ஆலயம். மழை பெய்தால் பெண்கள் பக்கத்தில் ஓடு ஒழுகும். வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர், இறந்துபோன தம் தகப்பனார் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்றார். கமிட்டி கூரையைக் காட்டியது. அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஓட்டில் யார் பெயரைப் பார்ப்பார்கள்? ஏ.சி. இயந்திரங்களை வாங்கி இறக்கிவிட்டார். ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகட்டில் தகப்பனார் பெயர்.

அதன் பிறகு நடந்ததுதான் கதை. மின் இணைப்பை மும்முனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. மின்கட்டணம் ஏறியது. அதை எங்கிருந்து கட்டுவது? ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த நிதியில் கை வைத்தார்கள். ஓடு ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. இரண்டு இயந்திரங்களையாவது விற்றுக் கூரையைப் பார்ப்போம் என்று கமிட்டி பேசியபோது அவர் கொதித்துப்போய் வந்தார். "எங்கள் அப்பா பெயரைக் கழற்றி விற்கவா கொடுத்தேன், ஐயரே?" என்று குருவானவரிடம் கேட்டுவிட்டுப் போனவர், அப்புறம் ஆராதனைக்கே வரவில்லை.

கேட்டால் அவர் தாராளமாகக் கொடுத்தவர் என்றுதான் ஊர் சொல்லும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பொருள் அவர் வீட்டிலிருந்து ஆலயத்துக்கு இடம் மாறியதே தவிர, அவர் கையை விட்டுப் போகவில்லை. வீட்டில் வைத்திருந்தால் ஒரு குடும்பம்தான் பார்த்திருக்கும். இங்கே ஊரே பார்க்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போஸ்தலர் நடபடிகளில் பர்னபா நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலருடைய பாதத்தில் வைத்தான் (4:37). அந்தப் பணம் எதற்குச் செலவானது, யாருக்குப் போனது என்று அவன் கேட்டதாக ஒரு வார்த்தையும் இல்லை. அடுத்த அதிகாரத்திலேயே அனனியா வருகிறான். நிலத்தை விற்காமலே வைத்திருந்தாலும் அது உன்னுடையதுதானே என்று பேதுரு அவனிடம் கேட்கிறான். யாரும் அவனைக் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பகுதியைத் தனக்கென வைத்துக்கொண்டு, முழுவதையும் கொடுத்தவன் என்ற பெயரையும் வாங்கப் பார்த்தான்.

பெற்றோர் நினைவாகக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அது இயல்பான பாசம். கொடுப்பதற்கு முன் பொருளாளரிடம் போய், எந்தத் தலைப்பில் பணம் குறைகிறது என்று கேளுங்கள். சபை ஊழியரின் சம்பளம், விதவைகளுக்கான உதவி, கழிப்பறைப் பழுது என்று அவர் சொல்வார். தகடு பதிக்க முடியாத இடங்கள்தான் பெரும்பாலும். பொருளாகவே தர வேண்டுமென்றால் அதன் பராமரிப்புச் செலவையும் சேர்த்துத் தாருங்கள். தேவைப்பட்டால் கமிட்டி விற்றுக்கொள்ளலாம் என்று எழுதியும் கொடுங்கள். அப்படி எழுதக் கை வரவில்லையென்றால், இன்னும் நீங்கள் கொடுக்கவில்லை. பொருளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சபைக்கு மின்கட்டணமாவது மிஞ்சும்.

பத்தில் ஒன்றோடு கணக்கை முடிப்பது

இருபதாயிரம் வாங்குகிறவர் தசமபாகம் கொடுத்தால் பதினெட்டாயிரத்தில் குடும்பம் நடத்த வேண்டும். இரண்டு லட்சம் வாங்குகிறவருக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் மீதி. விகிதம் ஒன்றுதான், பாரம் ஒன்றல்ல. ஆக்ஸ்ஃபோர்டு மெதடிஸ்டு இளைஞர் ஒருவரைப் பற்றி, மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். அது அவரேதான் என்று பலரும் கொள்வார்கள். ஆண்டு வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28-இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்தார். வருமானம் 60 ஆனது; செலவு அதே 28, கொடுத்தது 32. பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. அவர் பிடித்து நிறுத்தியது வீட்டுச் செலவை. நம் பிள்ளைகள் பத்து சதவீதத்தைப் பிடித்து நிறுத்திவிட்டுச் செலவை அவிழ்த்துவிடுகிறார்கள். சம்பள உயர்வு வந்த மாதமே புது கார் தவணை தொடங்கிவிடுகிறது.

நூறு மடங்கு திரும்பி வரும் என்று காணிக்கையை விதைப்பது

அது வட்டிக்கு விடுவது.

கடன் வாங்கிக் கொடுப்பது

வேண்டாம். இல்லாததிலிருந்து அல்ல, இருப்பதிலிருந்து கொடுத்தால் போதும் என்கிறது 2 கொரிந்தியர் 8:12.

வீட்டாருக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பது

பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7:11-13). கன்வென்ஷன் மேடையில் ஐம்பதாயிரம் அறிவித்த மகன், அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்குத் தங்கையைப் பணம் அனுப்பச் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். தம்பி, முதலில் மருந்துக்கடைப் பாக்கியைக் கட்டுங்கள். கவரை அடுத்த ஞாயிறு வாங்கிக்கொள்கிறோம்.