தமிழ்த் தளத்தில் ஆட்சென்ஸ் விளம்பரம்: தொடங்கும் முன்னும் தொடங்கிய பின்னும்

கூகுள் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஆட்சென்ஸ் சேவை, 2018 பிப்ரவரியில்தான் தமிழை முறையாக ஏற்றுக்கொண்டது. அன்றுமுதல் தமிழில் மட்டுமே எழுதுபவரும் தம் தளத்தில் விளம்பரம் வைத்து வருமானம் பெற முடிகிறது. ஆனால் விண்ணப்பிக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஆயிரம் பக்கப் பார்வைகளுக்குக் கிடைக்கும் தொகையை ஆர்.பி.எம். என்பார்கள். அது அரை டாலர் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த தொகை 100 டாலரைத் தொட்டால்தான் பணம் அனுப்பப்படும். அதற்கு 2 லட்சம் பார்வைகள் வேண்டும். நாளொன்றுக்கு 500 பார்வைகள் பெறும் தளத்துக்கு இது 400 நாள் உழைப்பு. எந்த விளம்பரம் தோன்ற வேண்டும் என்பது ஒவ்வொரு முறையும் விளம்பரதாரர்களிடையே நடக்கும் ஏலத்தில் முடிவாவதால், இந்தத் தொகை எல்லாத் தளங்களுக்கும் ஒன்றாக இராது. வீட்டுக்கடன், காப்பீடு பற்றிய பக்கத்துக்குக் கேட்கப்படும் விலை கவிதைப் பக்கத்துக்குக் கேட்கப்படுவதில்லை. அதே பக்கத்தை மதுரையில் ஒருவர் படிப்பதைவிட டொராண்டோவில் ஒருவர் படித்தால் உங்களுக்குப் பொதுவாகக் கூடுதல் விலை கிடைக்கும். அதற்காகத் தமக்குத் தெரியாத கடன் விவகாரங்களை எழுதப் புகுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்ணப்பிப்பவர் 18 வயது நிறைந்தவராகவும் கட்டுரைகள் அவர் சொந்தமாக எழுதியவையாகவும் இருக்க வேண்டும். தனியுரிமைக் கொள்கைக்கென்று ஒரு பக்கமும் தேவை. ஒப்புதல் கிடைத்ததும், உங்கள் தளத்தில் விளம்பர இடத்தை விற்கும் உரிமை யாருக்கு உண்டு என்று அறிவிக்கும் ‘ஆட்ஸ்.டெக்ஸ்ட்’ (ads.txt) கோப்பைத் தளத்தின் முதல் அடைவிலேயே (root) வைத்துவிடுங்கள்.

விளம்பரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். என் தளத்திலிருந்த ஒரு சமையல் குறிப்பை ஒருநாள் விலை குறைந்த கைப்பேசியில் திறந்து, புளியை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்ற வரியைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது மேலே தாமதமாக வந்து இறங்கிய விளம்பரம் அந்த வரியைத் திரைக்குக் கீழே தள்ளிவிட்டது. பக்கத்தை நகர்த்தப் போன விரல் விளம்பரத்தின் மேல் பட்டது. வாசகருக்கும் இதுவே நேர்ந்திருக்கும். இப்படித் தற்செயலாக விழும் சொடுக்குகளைக் கூகுள் செல்லாதவையாகக் கருதி வருமானத்தில் கழித்துவிடும். இதற்குத் தீர்வு எளிது: 300-க்கு 250 அளவுள்ள விளம்பரம் வரும் இடத்துக்குக் குறைந்தபட்ச உயரம் 250 பிக்சல் என்று முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால், விளம்பரம் எப்போது வந்தாலும் வரிகள் நகரா. முதல் விளம்பரத்தை இரண்டு மூன்று பத்திகளுக்குப் பின் வையுங்கள். தேடி வந்த விடையைக் கண்ட வாசகரே மறுபடி வருவார்.

உங்கள் விளம்பரத்தை நீங்களே சொடுக்கக் கூடாது. வீட்டாரையும் நண்பர்களையும் சொடுக்கச் சொல்லவும் கூடாது. கணக்கையே முடக்கிவிடக்கூடிய மீறல் இது.

வருமானம் 10 டாலரைத் தொட்டதும், முகவரியை உறுதிசெய்ய ஆறிலக்க எண் ஒன்று அஞ்சலில் அனுப்பப்படும். வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம்; 4 மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். ஆகவே கதவு எண், தெரு, அஞ்சல் குறியீட்டெண் ஆகியவற்றை உங்கள் தபால்காரர் அறிந்த வடிவிலேயே எழுதுங்கள்.

லண்டனிலும் பாரிஸிலும் வாழும் தமிழர்கள் உங்கள் தளத்தைப் படிக்கிறார்கள் என்றால், தரவைப் பயன்படுத்த அவர்களுடைய இசைவைக் கேட்கும் பெட்டியும் வேண்டும். பிரிட்டனிலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் உள்ளவர்களுக்கு அவரவர் தரவுக்கேற்ற விளம்பரம் காட்ட, கூகுள் சான்றளித்த இசைவுக் கருவி 2024 ஜனவரி முதல் கட்டாயமாகியுள்ளது. ஆட்சென்ஸிலேயே அதற்கான வசதி உண்டு.

ஒரு மாத வருமானம் அடுத்த மாதத் தொடக்கத்தில் இறுதியாகி, 21-க்கும் 26-க்கும் இடையில் அனுப்பப்படுகிறது. இந்தியாவில் இருப்பவர் வங்கிக் கணக்கைச் சேர்க்கும்போது, வெளிநாட்டுப் பணம் வந்து சேர எந்த ஸ்விஃப்ட் குறியீட்டைத் தர வேண்டும் என்று தம் கிளையில் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வருமானத்தையும் வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியிருப்பதால், ஆட்சென்ஸ் தரும் பற்றுச்சீட்டையும் வங்கியின் வரவுக் குறிப்பையும் மாதவாரியாக ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.