இரும்புச்சத்துக் குறைவு: வெறும் சோர்வு என்று விட்டுவிடாதீர்கள்

உடம்பில் இரும்பு கூடினால்தான் ஆக்சிஜனேற்றச் சேதம் (வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல்லைக் கெடுப்பது) வரும், குறைந்தால் சோர்வு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இதுதான் முதல் தவறு. செல்லுக்குள் உருவாகி அதையே கெடுக்கக்கூடிய ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிற கேட்டலேஸ் நொதிக்கே இரும்பு வேண்டும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரானைக் கைமாற்றிவிடும் புரதங்களிலும் இரும்பு இருக்கிறது, அது போதாமல் போனால் எலக்ட்ரான் நடுவழியில் கசிந்து ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பராக்சைடு என்ற, செல்லைச் சேதப்படுத்தும் மூலக்கூறு ஆகிவிடும். அதிகம் அடிபடுவது சிவப்பணுக்கள்தான். 120 நாள் வாழ வேண்டியவை சீக்கிரமே அழிகின்றன.

சரி, அப்படியென்றால் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கிப் போட்டால் போதுமே என்றால், போதாது. குறைவது இரும்பு, அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆனால் பரிசோதனை செய்யாமல் நீங்களாகவே இரும்பு மாத்திரையைத் தொடங்காதீர்கள். சிங்கப்பூரில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் தலசீமியா, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய். அதன் மரபணுவைச் சுமப்பவர்கள் இங்கே எல்லா இனத்திலும் உண்டு. அவர்களுக்கும் ரத்த அறிக்கையில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைவாகவே வரும், பார்த்தால் இரும்புக் குறைவு மாதிரியே தெரியும். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) சரியாக இருந்தால் இரும்பு மாத்திரையால் பயனில்லை, தேவைக்கு மேல் சேர்கிற இரும்போ பெராக்சைடோடு வினைபுரிந்து செல்லை இன்னும் மோசமாகத் தாக்கும் ஹைட்ராக்சில் மூலக்கூறை உருவாக்கும். பலதுறை மருந்தகத்தில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். காய்ச்சல், அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக ஏறிவிடும், அந்த எண்ணைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம்.

அப்புறம் தே தாரிக், அதாவது பால் சேர்த்து ஆற்றிய தேநீர். காலையில் தோசை சாப்பிட்டுவிட்டு அதே வாயில் மாத்திரையைப் போட்டுத் தேயைக் குடித்து விழுங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தேயிலையின் டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது, பாலில் உள்ள கால்சியமும் குறுக்கே நிற்கும். இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். முருங்கைக்கீரையையும் பருப்பையும் எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் அதிலுள்ள இரும்பு இன்னும் நன்றாகச் சேரும்.

ஹீமோகுளோபின் ஏறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவதும் தவறு, உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப மேலும் சில மாதம் ஆகும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் மாத்திரையோடு விஷயத்தை முடிக்காதீர்கள், குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.