டாப்ஸ்லிப் காட்டுல நடந்து போய் மிருகம் பார்க்கறது எப்படி

நம்ம சென்னைக்காரங்க நிறைய பேரு பொள்ளாச்சிக்கு மேல இருக்கற டாப்ஸ்லிப் போறாங்க, வேன்ல ஒரு ரவுண்டு அடிச்சு மானையும் மயிலையும் போட்டோ எடுத்துட்டு திரும்பிடறாங்க, எனக்கு அது ரொம்ப ஆதங்கம், ஏன்னா ஆனைமலை மழைக்காட்டை நடந்து பார்த்தாதான் பார்த்த மாதிரி.

முதல்ல பெர்மிஷன். இது புலிகள் காப்பகம், வனத்துறை கைடு இல்லாம உள்ள கால் வைக்கவே கூடாது. வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு சைட்ல ஆன்லைன்லயே புக் பண்ணலாம். கோடையில காட்டுத்தீ பயத்துக்கு ட்ரெக்கிங்கை மூடுவாங்க, அப்போ ஆளைப் பிடிச்சு உள்ள போற வேலையே வேணாம், 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணி மலையில பிடிச்ச காட்டுத்தீயில நம்ம ஊர்ல இருந்து போனவங்களும்தான் உயிரை விட்டாங்க.

சென்ட்ரல்ல ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில கோயம்புத்தூர், அங்கிருந்து பொள்ளாச்சி, அப்புறம் சேத்துமடை செக்போஸ்ட் தாண்டி மேல. பளிச் கலர் டிரஸ், சென்ட் ரெண்டும் வேணாம்.

மழை விட்ட நேரம்னா அட்டை இருக்கும். லீச் சாக்ஸுக்குள்ள (அட்டை ஏறாம இருக்கப் போடற நீள சாக்ஸ்) பேன்ட்டை விட்டு முட்டி வரைக்கும் இழுத்துக் கட்டிடுங்க. கடிச்சா பிச்சு இழுக்காதீங்க, வாய் ஒட்டியிருக்கற இடத்துல நகத்தை வச்சு பக்கவாட்டுல தள்ளுங்க, கழண்டுடும். அதோட எச்சில் ரத்தத்தை உறைய விடாது, அதனால கொஞ்ச நேரம் ஒழுகிட்டே இருக்கும், பயப்படாம கழுவிட்டு அழுத்திப் பிடிங்க.

இப்ப முக்கியமான விஷயம், இங்க நிறைய உயிருங்க மரத்து மேலதான் இருக்கு, அதனால வேகமா நடந்தா ஒண்ணுமே தெரியாது, பத்தடி நடங்க, நில்லுங்க, காதைக் கொடுங்க. கீழ பாதி கடிச்ச அத்திப்பழம் புதுசா சிதறிக் கிடந்தா அங்கேயே நின்னுடுங்க, மேல மலை அணிலோ கருமந்திக் குரங்கோ சாப்பிட்டுட்டு இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தா சிங்கவால் குரங்கு கூட்டமே வரும். பெரிய அலகு இருக்கற இருவாச்சிப் பறவை வந்தா கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே ரெக்கை சத்தம் உஸ்ஸு உஸ்ஸுன்னு நீராவி ரயில் மாதிரி கேக்கும், அதை நேர்ல கேட்டாதான் புரியும்! குரங்குக்கு பிஸ்கட் கிஸ்கட் எதுவும் போடாதீங்க, அப்புறம் அதுங்க ரோட்டுக்கு வந்து வண்டியில அடிபடும்.

கைடா வர்ற அண்ணன்கள்ல இந்த மலையோட பழங்குடிகளான காடர், மலசர் மக்கள் நிறைய. அவங்க கையைத் தூக்கினா கேள்வி கேக்காம அப்படியே நில்லுங்க, யானை பக்கத்துல இருக்கலாம், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டு அவங்க எந்தப் பக்கம் போறாங்களோ அதே பக்கம் சத்தம் போடாம பின்னாடியே போங்க, செல்போனை எடுக்காதீங்க.