பிளாட் பெடலுக்கு ஷூ வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாட் பெடல் என்றால் ஷூவைப் பூட்டிக்கொள்ளாத தட்டையான பெடல். அதற்குச் செருப்போடு வராதீர்கள், லேஸைத் தொங்கவிடாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. மவுண்டன் பைக் வாங்கும் அளவுக்கு வந்தவருக்கு அது தெரிந்திருக்கும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் சனி ஞாயிறுகளில் ஓட்ட வரும் புதியவர்களிடம் நான் முதலில் பார்ப்பது காலைத்தான். பைக்குக்கு மாதக்கணக்கில் யோசித்திருப்பார்கள், ஹெல்மெட்டுக்கு நாலு பேரிடம் விசாரித்திருப்பார்கள். ஷூவை மட்டும் போகிற போக்கில் எடுத்திருப்பார்கள். நானும் அப்படி எடுத்தவன்தான் என்பதால் யாரையும் திட்டுவதில்லை. ஒரே ஒரு தவறைத் தவிர.

மலைக்குப் போகிறோம் என்று ட்ரெக்கிங் ஷூ வாங்குவது

போன மழைக்காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். கணுக்காலுக்கு மேல் ஏறும் புத்தம்புது ட்ரெக்கிங் ஷூ. "மலைக்குன்னே வர்ற ஷூ சார்" என்று கடைக்காரர் தலையில் கட்டியிருக்கிறார். தேயிலைத் தோட்டத்து வழியில் இறங்கும்போது குறுக்கே ஒரு கல் பதித்த வடிகால். முன் சக்கரம் தாண்டிவிட்டது. பின் சக்கரம் உதைத்ததில் வலது கால் பெடலை விட்டுப் போய், பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே அடித்தது. தையல் மிஷின் ஓட்டியதுபோல, பெடலில் துருத்தி நிற்கும் சின்னச் சின்ன ஸ்டீல் பின்களின் (pin) தடம் வரிசையாக. "அண்ணா, பெடல்தான் சரியில்லை போல" என்றார். அடுத்த வாரமே இன்னும் நீளமான பின் உள்ள பெடல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். மறுபடியும் அதே கால், அதே அடி. எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். தவறு ஷூவில் இருக்க, பழியும் செலவும் பெடலுக்குப் போகிறது. கொஞ்ச நாளில் "பிளாட் எனக்கு ஒத்துவராது" என்று, ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலுக்கே மாறிவிடுகிறார்கள்.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிளாட் பெடலில் காலைப் பூட்டி வைக்க எதுவும் கிடையாது. பெடலிலிருந்து சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டீல் பின்கள் ஷூவின் ரப்பருக்குள் அழுந்த வேண்டும், மேலே உங்கள் எடை இருக்க வேண்டும். பிடிமானம் என்பது இவ்வளவுதான். ட்ரெக்கிங் ஷூவின் அடியில் இருப்பது மண்ணைக் கவ்வுவதற்கான பெரிய கட்டைகளும் நடுவே ஆழமான இடைவெளிகளும். உள்ளங்கை அகலப் பெடலில் அதை வைத்தால் நாலைந்து கட்டைகள்தான் உண்மையில் தொடும். பாதிப் பின்கள் இடைவெளியில் அந்தரத்தில் நிற்கும். கால் கொஞ்சம் வழுக்கும், ஒரு கட்டையின் பக்கவாட்டு பின்னில் இடித்ததும் நிற்கும், அடுத்த குலுக்கலில் மறுபடி வழுக்கும். நீங்கள் வைத்த இடத்தில் கால் இருக்காது, கட்டை விட்ட இடத்தில் இருக்கும்.

அடுத்து ரப்பர். நாள் முழுக்கக் கல்லில் நடந்தாலும் தேயக்கூடாது என்று ட்ரெக்கிங் ஷூவுக்குப் பெரும்பாலும் கெட்டியான ரப்பரைத்தான் போடுவார்கள். நமக்கு வேண்டியது நேர் எதிரானது. ஃபைவ் டென் என்ற ஷூ கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். சார்லஸ் கோல் 1985இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. பாறை ஏறுபவர்களின் கால் வழுக்காமலிருக்க 'ஸ்டெல்த்' என்ற ரப்பரைக் கொண்டுவந்தார்கள். பிறகு அதே ரப்பர் மவுண்டன் பைக் ஷூவின் அடிக்கும் வந்தது. 2011இல் கம்பெனியை அடிடாஸ் வாங்கிவிட்டது. ஆக, மலையோடு சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நாம் கடன் வாங்க வேண்டியது பாறை ஏறுபவரிடம், நடந்து போகிறவரிடம் அல்ல.

மூன்றாவது, அந்த உயரமான கழுத்து. இறக்கத்தில் பெடல் மேல் எழுந்து நின்று குதிகாலைத் தாழ்த்த வேண்டும். அப்போதுதான் கீழிருந்து வரும் உதை காலைப் பெடலோடு சேர்த்து அழுத்தும். குதிகால் தூக்கியிருந்தால் அதே உதை காலைத் தட்டிவிடும். கணுக்காலை இறுகப் பிடிக்கும் பூட்ஸில் குதிகால் எப்படித் தாழும்? "கணுக்காலுக்குப் பாதுகாப்பு வேண்டாமா அண்ணா?" என்று கேட்பார்கள். வேண்டும் என்றால் கணுக்கால் எலும்பை மூடும் அளவுக்கு மெத்தை வைத்த பைக் ஷூக்கள் இருக்கின்றன. அவற்றில் கால் நன்றாக மடங்கும்.

கடையில் ஷூவைக் கையில் எடுத்ததும் கவிழ்த்துப் பாருங்கள். விரல் மேட்டிலிருந்து (விரல்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ளங்காலில் தடித்திருக்கும் இடம்) பாதத்தின் நடுப்பகுதி வரை தட்டையாக, ஆழமில்லாத புள்ளிகளோ அறுகோணங்களோ மட்டும் இருக்க வேண்டும். நகத்தால் அழுத்துங்கள். நகம் பதிந்து தடம் மெதுவாக மறைந்தால் நல்ல ரப்பர், நகமே இறங்கவில்லை என்றால் வைத்துவிடுங்கள். நுனியிலும் குதிகாலிலும் கட்டைகள் இருந்தால் பரவாயில்லை. சேற்று மேட்டில் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது அது உதவும்.

ரன்னிங் ஷூ

ஓடும்போது அதிர்ச்சியை வாங்குவதற்காக வைத்த தடித்த ஃபோம் இங்கே எதிரி. நின்று ஓட்டும்போது பாதம் பெடலைச் சுற்றி வளையும், அரை மணி நேரத்தில் உள்ளங்கால் வலிக்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பிளாட் பெடலில் கிளிப் ஷூவைவிடக் காலைச் சற்று முன்னே தள்ளி வைப்போம், அதாவது பெடல் அச்சு விரல் மேட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வரும். பல ரன்னிங் ஷூக்களில் சரியாக அந்த நடுப்பகுதியில் ரப்பரே இருக்காது, ஃபோம்தான். பின்கள் அதைப் பிய்த்துவிடும்.

கிளிப் ஷூவிலேயே பிளாட் ஓட்டுவது

வேண்டாம். கிளிப் பெடலில் பூட்டிக்கொள்வதற்கான கிளீட் என்ற துண்டை மாட்டும் பள்ளம், பெடலின் பின்கள் பிடிக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது.

"பிளாட் தானே, அடுத்த வருஷம் மாறிவிடுவேன்"

ஆஸ்திரேலிய மவுண்டன் பைக் வீரர் சாம் ஹில் பிளாட் பெடலில்தான் 2007, 2009, 2010 டவுன்ஹில் (மலை இறக்கப் பந்தயம்) உலக சாம்பியன் பட்டங்களை வென்றார். அப்புறம் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று வருடம், இறக்கங்களில் மட்டும் நேரம் கணக்கிடும் எண்டியூரோ பந்தயங்களின் வேர்ல்ட் சீரிஸையும் பிளாட்டிலேயே ஜெயித்தார். மாறுவதும் மாறாததும் உங்கள் இஷ்டம். கற்றுக்குட்டிப் பெடல் என்று நினைத்துச் சுமாரான ஷூ வாங்காதீர்கள்.

நல்ல ஷூ, பின் இல்லாத பெடல்

பைக்கோடு வந்த வழவழப்பான பிளாஸ்டிக் பெடலில் எந்த ஷூவும் நிற்காது. அலுமினியம்தான் வேண்டும் என்பதில்லை. ஸ்டீல் பின் வைத்த நைலான் பெடல் போதும், விலையும் குறைவு.

அளவு

சாயங்காலம் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓட்டும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பிளாட் ஷூவில் தொளதொள என்று இருப்பது பெரிய தொல்லை. ஷூ பெடலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே கால் மட்டும் நகரும். நம் ஆட்களுக்குப் பாதத்தின் முன்பகுதி அகலம் என்பதால் சிலர் ஒரு சைஸ் கூட்டி வாங்கிவிடுகிறார்கள். நீளத்தைக் கூட்டாமல், அகலமாக வார்த்த வேறு மாடலைத் தேடுங்கள்.

வாட்டர்ப்ரூஃப்

ஐப்பசி மழையில் குன்னூர்ப் பக்கம் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் துணி வழியாக வராது, மேலே கணுக்கால் வழியாக இறங்கும். வந்த தண்ணீர் வெளியே போகவும் வழியிருக்காது. சீக்கிரம் காயும் சாதாரண ஷூவே மேல். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் காயவிடுங்கள். அடுப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் வைத்தால் அடி பிரிந்துகொண்டு வரும்.

அதே ஷூவில் ஆபீஸ்

மெத்தென்ற ரப்பரைத் தார்ரோடு தின்றுவிடும்.

காசு சேரும்வரை ஓட்டாமலிருப்பது

இதுவும் தவறுதான். தட்டை அடியுள்ள ஸ்கேட் ஷூ, அல்லது கம் சோல் (மெத்தென்ற ரப்பர் அடி) வைத்த ஷட்டில் ஷூ, ரன்னிங் ஷூவைவிட நன்றாகவே பிடிக்கும். பள்ளிக்கூடத்து வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில்கூட ஆரம்பத்தில் சமாளிக்கலாம், அடி மெல்லியது என்பதால் பின் குத்துவது தெரியும். இவை எதிலும் விரல் நுனிக்குக் கெட்டியான மூடி கிடையாது. கல் நிறைந்த வழியாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகவே போங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு ஷின் கார்டும் போட்டுக்கொள்ளுங்கள்.