சிடியிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு: கடலோர வீட்டில் பாட்டைப் பத்திரப்படுத்துவது எப்படி?

2015 வெள்ளத்தில் கடலூரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் அப்பா சேர்த்து வைத்திருந்த சிடிகள் நனைந்துவிட்டன. காயவைத்து எடுத்தபோது, உறைக்குள் இருந்த காகிதம் சிடியின் மேல்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. அடிப்பக்கம் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் பாடவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பாட்டு பதிவாகியிருப்பது பெயர் அச்சிட்ட பக்கத்துக்குச் சற்று அடியில், மெல்லிய அலுமினியப் படலத்தை ஒட்டி. பளபளக்கும் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள பிளாஸ்டிக் காவலாக நிற்கிறது. மேல்பக்கத்தில் வெறும் அரக்குப்பூச்சுதான். அது உரிந்தால் பாட்டும் உரிந்துவிடும். அன்று போனவற்றில் உள்ளூர் ஓதுவார் ஒருவர் பாடிய அப்பர் பதிகமும் ஒன்று. எந்த ஆப்பிலும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. மிச்சமிருந்த 300 சிடிகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது அதன் பிறகுதான். அந்த அனுபவத்தில் கற்றதை, இந்த வேலையை முதல்முறை செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எதை முதலில் எடுப்பது

சினிமாப் பாட்டு காத்திருக்கலாம், அது எங்கேயும் கிடைக்கும். முதலில் எடுக்க வேண்டியவை வீட்டில் ரைட் பண்ணிய சிடிகள்: கல்யாண நாதஸ்வரம், பாட்டி பாடியது, கோயில் கச்சேரி. இவற்றில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப்பூச்சு. வெயிலும் சூடும் பட்டால் அது வெளுத்துவிடும். அடுத்தது, கோயில்களும் சபாக்களும் கொஞ்சமாக வெளியிட்டவை. வடலூர் தைப்பூசத்துக்குப் போகும்போது வாங்கிய அருட்பா சிடிகளை நான் இந்த வரிசையில்தான் வைத்தேன்.

‘எம்பி3 சிடி’ என்று போட்டு, ஒன்றில் நூறு பாட்டுக்கு மேல் அடைத்து விற்றார்களே, அவற்றைத் தனியாக ஒதுக்குங்கள். அவற்றை ரிப் பண்ண (சிடியிலிருக்கும் பாட்டைப் படித்து ஃபைலாக மாற்ற) வேண்டாம், ஃபைல்களை அப்படியே காப்பி செய்தால் போதும். வேறு வடிவத்துக்கு மாற்றினால் அளவுதான் பெருக்கும், ஒலி தேறாது.

சிடியைத் துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவின் தடத்தோடு சேர்ந்தே ஓடும். அதைப் படிக்க டிரைவ் திணறும்.

ஏன் ஃப்ளாக் (FLAC) வடிவம்

புது லேப்டாப்களில் சிடி டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி ரைட்டர் ஒன்று போதும். சிடியைப் போட்டு விண்டோஸில் திறந்தால் ‘சிடிஏ’ என்று முடியும் ஃபைல்கள் தெரியும். அவற்றை இழுத்துப் போட்டுக் காப்பி ஆகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் 44 பைட்தான். பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் குறிப்புகள் அவை, பாட்டு அவற்றுக்குள் இல்லை.

சிடியில் ஒலி, வினாடிக்கு 44,100 மாதிரிகளாக, 16 பிட்டில், இரண்டு சானலாகப் பதிவாகியிருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். ஃப்ளாக் வடிவம் எதையும் தூக்கி எறியாமல் அதைப் பாதி, பாதிக்குச் சற்று மேல் என்ற அளவுக்குச் சுருக்கும். ஒரு மணி நேர சிடி ஏறக்குறைய 350 எம்பி. 300 சிடி சேர்ந்தாலும் 110 ஜிபிக்குள் அடங்கிவிடும்.

எம்பி3 போதாதா என்று கேட்பார்கள். 2008-இல் நானும் இடத்தை மிச்சம் பிடிக்க 128 கேபிபிஎஸ் என்ற குறைந்த தரத்தில் எம்பி3-ஆக மாற்றிவிட்டு நாற்பது சிடிகளைக் கொடுத்துவிட்டேன். அந்த வீணைப் பதிவுகளில் தந்தியின் கடைசி அதிர்வு வரைக்கும் கேட்ட நினைவு எனக்கு இருக்கிறது, ஃபைலில் இல்லை. ஃப்ளாக்கிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எம்பி3-இல் விட்டுப்போனது திரும்பாது.

மென்பொருள்

விண்டோஸுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சுருக்கமாக ஈஏசி. மேக் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்எல்டி. இரண்டும் இலவசம். ஈஏசி பார்க்க மிரட்டும், அமைப்புகள் ஏராளம். அது தடையாக இருந்தால் ஃப்ரீஏசியில் தொடங்குங்கள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் திரும்பக் கிடைக்காத சிடிகளுக்கு நான் ஈஏசியைத்தான் சொல்வேன். அது ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இரண்டு முறை படித்து ஒப்பிடும். ஒத்துவராவிட்டால் மறுபடி மறுபடி படிக்கும்.

முதல்முறை திறந்ததும் சில கேள்விகள் கேட்கும். வேகமா, துல்லியமா என்ற இடத்தில் துல்லியத்தைத் தேர்ந்தெடுங்கள். சுருக்கும் வடிவத்துக்கு ஃப்ளாக். பிறகு சிடியைப் போட்டு, எல்லாப் பாட்டையும் தேர்வு செய்து, ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ கொடுங்கள். ஒருமுறை படித்துப் பார்த்து, இரண்டாம் முறை படித்துச் சேமிக்கும். முடிந்ததும் ஓர் அறிக்கை வரும். ஒவ்வொரு பாட்டுக்கும் டெஸ்ட், காப்பி இரண்டின் சிஆர்சி எண்ணும் (படித்த தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த சிடிக்குப் போகலாம். அந்த அறிக்கையையும் பாட்டுகளோடு சேமித்து வையுங்கள்.

அக்யூரேட்ரிப் என்ற வசதி, அதே சிடியை ரிப் பண்ணிய மற்றவர்களின் எண்ணோடு உங்களுடையதை ஒப்பிட்டுச் சொல்லும். நம் ஊர்ப் பக்திச் சிடிகளுக்குப் பெரும்பாலும் ‘பட்டியலில் இல்லை’ என்றுதான் வரும். பயப்பட வேண்டாம், அதற்காகத்தான் இரண்டு முறை படிக்க வைக்கிறோம். கீறல் விழுந்த சிடி ஒன்று மணிக்கணக்கில் ஓடினாலும் ஓடட்டும். பாண்டி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய ஒரு நாதஸ்வர சிடி எனக்கு ஒரு பகல் முழுக்க எடுத்தது. ஒரு பாட்டு தவிர எல்லாம் வந்தது. அந்த ஒன்றை வேறொரு டிரைவில் போட்டு எடுத்தேன். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிப்பது உண்டு.

பெயர்

அன்றன்றே எழுதிவிடுங்கள். ‘டிராக் 01’ என்று பத்து சிடி சேர்ந்துவிட்டால் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற மென்பொருள் பல சிடிகளுக்குத் தானே விவரம் தேடித் தரும். தமிழ்ச் சிடிகளுக்கு உறையைப் பார்த்து நாம்தான் தட்ட வேண்டியிருக்கும். ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் டேக்குகளை (பாட்டின் பெயர், பாடியவர் போன்ற விவரங்களை) யுனிகோட் தமிழில் எழுதுகிறேன். பழைய கார் ஸ்டீரியோக்களில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதுதான் காரணம். தேவாரத்துக்கு, இயற்றியவர் என்ற இடத்தில் திருநாவுக்கரசர், பாடியவர் என்ற இடத்தில் ஓதுவார் பெயர், குறிப்பில் பண். கச்சேரி என்றால் ராகமும் தாளமும். உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

எதில் வைப்பது

நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். இந்த அளவுக்குத் தேவையில்லை. 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருந்தால் நல்லது. சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேகமானதுதான். ஆனால் மின்சாரமே காட்டாமல் சூட்டில் வருஷக்கணக்கில் போட்டு வைக்க அது ஏற்றதல்ல. பென் டிரைவில் காருக்கான நகல் மட்டும்.

தேவனாம்பட்டினம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று தெரியும். யுஎஸ்பி முனையையும் அதேதான் செய்யும். டிஸ்க்கையும் வயரையும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்து வந்தால் உடனே மாட்டாதீர்கள், ஈரம் கோத்திருக்கும். அரை மணி நேரம் கழியட்டும்.

இரண்டாவது டிஸ்க் இந்த வீட்டில் இருக்கவே கூடாது. 2011-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை கடந்தது, 2024-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. ஒரே பீரோவில் இரண்டு நகல் இருந்தால் தண்ணீருக்கு அது ஒரு நகல்தான். என்னுடையது பண்ருட்டியில் தங்கை வீட்டில் மாடியில் இருக்கிறது. பலாப்பழ சீசனில் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை இங்கிருக்கும் டிஸ்க்கில் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப்போய், அங்கிருப்பதை வாங்கி வருகிறேன். வந்ததும் அதில் நாலைந்து பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, புதிதாக ரிப் பண்ணியவற்றை அதிலும் ஏற்றி, டப்பாவின் மேல் தேதி எழுதி ஒட்டி மேலே வைத்துவிடுவேன்.